பெயர் தெரிந்த பின்னும்

அன்றைய மேற்கு ஜெர்மனியின் கீல் நகரத்தில், 1980களின் முற்பகுதியில் 'ஃபெக்ஸ்' எனும் குழுவினர் செய்த மாதிரிப் பதிவு ஒன்று வானொலியில் ஒலித்தது. இளம் நேயர் ஒருவர் அதை ஒலிநாடாவில் பிடித்துவைத்தார், பெயர் குறிக்கப்படவில்லை. 2007 முதல் தேடல் நடந்தது. 2024 நவம்பரில்தான் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' எனும் தலைப்பும் பாடியோரும் தெரியவந்தனர்.

மர்மம் விலகிய பின் பாடலுக்கு மதிப்புண்டா? உண்டு என்பதே நம் துணிபு. இறுகிய தாளம், மின்னிசைக் கருவியின் குளிர்ந்த இழை, உணர்ச்சியை அடக்கிய கனத்த ஆண்குரல் ஆகியவை புதிருக்குக் கடன்பட்டவை அல்ல. நாடாவின் இரைச்சலே அழகென்பாரும் உளர். அது காலத்தின் தூசு, கலைஞரின் கைவண்ணமன்று. ஏறத்தாழ 40 ஆண்டுகள் நாடாவில் படைப்பு வாழ்ந்திருக்க, படைத்தவர் பெயர் மறைந்துகிடந்தது. அமானிதம் உரியவரிடம் சேர்ந்ததே இத்தேடலின் பெரும்பேறு.