சுசீந்திரத்துக் கைகள்

முகம் ஓரளவு வந்துவிடும்; கைதான் வராது. வரையப் பழகுகிறவர்கள் ஆளின் கையை முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பைக்குள்ளோ ஒளித்துவிடுவது அதனால்தான். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கும்போது பயம் நியாயமே.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிரகாரத்தில் தூணுக்குத் தூண் பாவை விளக்குகள். அகல் ஏந்திய அந்தப் பெண்சிலைகளின் கைகள், பார்த்து வரைய எவ்வளவு நேரமானாலும் அசையாது. சிற்ப சாத்திரத்தின் அளவும் எளிது: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு தாலம், முகத்தின் நீளமும் அதுவே. மணிக்கட்டை முகவாயில் வைத்தால் நடுவிரல் ஏறக்குறைய முடி தொடங்கும் இடத்தைத் தொடும். பழகுகிறவர்கள் கையைச் சிறிதாகவே போடுவார்கள்; இந்த அளவு அதைத் திருத்தும்.

  

ஆனால் கல்விரல்கள் கொடிபோல வழுக்கிப் போகும். முட்டியும் நரம்பும் அவற்றில் தெரியாது. அதற்குத் தோவாளையில் பூக்கட்டுகிறவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். எனக்கு அவைதான் அழகு. புறங்கையில் விரல் முட்டியிலிருந்தே தொடங்குகிறது. உள்ளங்கைப் பக்கம் விரலிடுக்கிலிருந்துதான். ஆகவே ஒரே விரல் பின்னால் நீளம், முன்னால் குட்டை. முட்டிகளும் நேர்கோட்டில் நிற்பதில்லை, சுண்டுவிரல் பக்கம் சரிந்து இறங்கும். முதலில் அந்த வளைவைப் போட்டுக்கொண்டு, பிறகு விரல்களை இறக்குவது நல்லது.