ஆயரின் அறமும் ஆயரின் அதிகாரமும்

ரோம் நகரில் இலவசத் தானியம் கிறிஸ்தவத்துக்கு முன்பே உண்டு. அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் பேர் அதைப் பெற்றார்கள். ஏழைகள் என்பதற்காக அல்ல, ரோமக் குடிமக்கள் என்பதற்காக. பட்டியலில் பெயர் இல்லாதவர் பட்டினி கிடந்தால் அரசுக்கு அது கவலையே இல்லை.

கிறிஸ்தவம் ரோம உலகை ஆழமாக மாற்றியது இங்கேதான் என்பேன். பசி ஒன்றே உதவி பெறும் தகுதியாயிற்று. 251 வாக்கில், அரசு தன்னை ஒடுக்கிய நாட்களிலும், ரோம் திருச்சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் நலிந்தோரையும் காத்துவந்ததாக ஆயர் கொர்னேலியுஸ் எழுதுகிறார். பழைய தெய்வங்களை மீட்கப் பாடுபட்ட பேரரசர் ஜூலியனோ, இவர்கள் தம்மவரோடு நம் ஏழைகளையும் காப்பாற்றுகிறார்களே என்று தலைமைப் பூசாரி ஒருவரிடம் மனம் வெதும்பினார். எதிரியே ஒப்புக்கொண்ட பெருமை இது.

ஆனால் இந்தக் கருணை அடிமைமுறையின் வாசலில் நின்றுவிட்டது. நிசா நகர ஆயர் கிரகோரி, மனிதனை மனிதன் உடைமையாக்குவதே பாவம் என்று முழங்கினார். திருச்சபை அவர் வழியில் செல்லவில்லை. பக்தியைக் காட்டி எசமானை விட்டு விலகும்படி அடிமைக்குப் போதிப்போரை, 4ஆம் நூற்றாண்டில் கங்கிராவில் கூடிய ஆயர் சங்கம் சபித்தே விட்டது.

இதைவிடக் கசப்பானது அலெக்சாந்திரியாவில் நடந்தது. அங்கே நோயாளிகளைப் பேணும் பணிக்குப் 'பரபலானி' என்றொரு கூட்டம் இருந்தது. தொற்றுக்கு அஞ்சாத எளிய மனிதர்கள். ஆயரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆயர் சிரிலுக்கும் ஆளுநர் ஒரெஸ்டெஸுக்கும் மோதல் முற்றிய 415இல், தத்துவ அறிஞர் ஹைப்பேஷியாவைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது. அக்கும்பலில் பரபலானிகள் இருந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே, அவர்களால் நகரம் அஞ்சி நடுங்குவதாகப் பேரரசரிடம் புகார் போனது. எண்ணிக்கை 500க்கு மேல் கூடாது, மன்றங்களிலும் பொதுக்காட்சிகளிலும் தலைகாட்டக் கூடாது, ஆளெடுப்பு அரசு அதிகாரியின் பொறுப்பு என்று சட்டம் வந்தது. நோயாளியின் படுக்கையருகே அமர வேண்டியவர்களுக்கு இப்படியொரு சட்டம் தேவைப்பட்டதே பெரிய குற்றச்சாட்டு.

ஏழைக்கு இரங்கியதில் பிழையில்லை. இரக்கத்தால் திரண்ட ஆள்பலத்தைக் கேள்வி கேட்பாரற்ற ஒருவர் கையில் விட்டதே பிழை. அரசும் அதைத் திருத்த உறுதி காட்டவில்லை. 418இல் எண்ணிக்கை 600 ஆக உயர்ந்தது. ஆளெடுக்கும் உரிமையும் மீண்டும் ஆயரிடமே போனது.