கங்கு கனியும் நேரம்

பங்குனி உத்திரம் நெருங்கினால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாடகைப் பாத்திரக் கடைகளில் அண்டாவுக்கும் தேக்சாவுக்கும் தட்டுப்பாடு வந்துவிடும். தென்மாவட்டக் குடும்பங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகும் நாள் அது. சென்னையிலிருந்து மகன், திருப்பூரிலிருந்து மருமகன், கேரளத்தில் கடை வைத்திருக்கும் சித்தப்பா என்று எல்லாரும் வந்து சேர்ந்ததும் வேன் பிடித்துக் கிளம்புவார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் பொங்கல். அவருக்குக் காவல் நிற்கும் கருப்பசாமிக்கும் மாடனுக்கும் கிடா. கிடா விழும் நேரத்தில் சாஸ்தா சன்னதியில் திரை போட்டு மறைப்பது பல கோயில்களில் வழக்கம். திரைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அந்தக் குடும்பம் வருஷத்தில் சாப்பிடும் மிக நல்ல சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் இரும்பு வலை அடுப்பை நிறுத்தி, கோழியையும் பன்னீரையும் கம்பியில் கோத்து வாட்டும் பார்பிக்யூ மோகம் இந்தப் பக்கத்துத் தோப்பு வீடுகளுக்கும் வந்தாயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் புதுசு என்று நினைப்பவர்கள் பொருநராற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். கரிகாலன் பொருநனுக்குப் படைத்த விருந்தில் வேகவைத்த கறியோடு கம்பியில் கோத்துச் சுட்ட கறியும் இருக்கிறது. இரண்டும் சலிக்கும் வரை தின்றதாகப் பொருநனே சொல்கிறான்.

வெட்டவெளிச் சமையலில் தேர்ந்தவர்கள் மசாலாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கறி துண்டுபோடுவதற்கு முன்பே அவர்கள் விறகைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈர விறகா, காய்ந்ததா, காற்று மலைப் பக்கமிருந்து வருகிறதா, ஊர்ப் பக்கமிருந்தா. காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் குழி வெட்டுவார்கள். நீளவாக்கில் முழங்கால் ஆழம், மேலே அண்டா உட்காருகிற அகலம், ஒரு முனையில் விறகு தள்ள வாய். காற்று அந்த வாய் வழியாக நுழைந்தால் நெருப்பு தானே நின்று எரியும். தப்பாக வெட்டிவிட்டால் சமைக்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே பொழுதைக் கழிக்க வேண்டியதுதான்.

பற்றவைக்கக் காய்ந்த தென்னம்பாளையும் மட்டையும். நின்று எரியப் புளிய விறகு. சுடுவதற்கு மட்டும் கரி. இந்த மூன்றையும் கலந்து குழப்பாதவரே நல்ல சமையல்காரர். கரியைப் பொறுத்தவரை விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பழகிய தொழில். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி மூடுவார்கள். ஒரு துவாரம் வழியாக நெருப்பு வைத்தால் உள்ளே காற்று போதாமல் கட்டை எரியாது, கரியும். நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். எங்காவது மண் பிளந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியும் ஆள் காவல் இருக்க வேண்டும். வேர்க்கட்டையிலிருந்து கிடைக்கும் தூர்க்கரிக்கே மதிப்பு அதிகம். கனமாக இருக்கும், சீக்கிரம் கரையாது.

சீமைக் கருவேலம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, பயிர் நிலத்தை விழுங்குகிறது என்று திட்டாத விவசாயி இல்லை. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னது. அந்த வசவெல்லாம் நியாயம்தான். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இறைச்சி சுடுவதற்குப் பெருமையாகத் தேடி வாங்கும் மெஸ்கீட் மரம் நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. அங்கே அதன் புகைக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. இங்கே அதே இனத்து மரத்தின் கரி டீக்கடை அடுப்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் எரிந்து தீர்கிறது.

கரி பற்றியதும் கறியைப் போடுகிறவருக்குப் பொறுமை போதாது. கொழுந்துவிட்டு எரியும்போது போட்டால் மேலே கருகி, உள்ளே ரத்தம் நிற்கும், புகைக்கரியும் படியும். கொழுந்து அடங்கி, கங்கு முழுக்கச் சிவந்து, மேலே வெள்ளையாக நீறு பூக்கிற வரை காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் கரியில் இருந்த புகையெல்லாம் போய், வெறும் சூடு மட்டும் சீராக மேலே வரும். கங்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து நாலைந்து எண்ணும் வரை தாங்க முடிந்தால் கறிக்குப் பதம். அதற்குள் கை பின்வாங்கினால் இன்னும் பொறுக்கலாம். அர்ஜென்டினாவில் அசாடோ என்ற பெயரில் மாட்டிறைச்சி சுடுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். விறகை ஒரு பக்கம் எரியவிட்டு, விழும் கங்கை மட்டும் இழுத்துக் கறிக்கு அடியில் பரப்புவார்கள்.

பதமான கங்கில் முதலில் விழுவது சுவரொட்டி. கிடா வெட்டுகிற இடங்களில் அது பெரும்பாலும் குழம்புச் சட்டி வரை போவதே இல்லை. உப்பும் மஞ்சளும் தடவிக் கங்கின் மேல் நேராகப் போட்டால் ஓரம் சுருங்கி, தோல் இறுகி, உள்ளே பஞ்சு மாதிரி ஆகும். சாம்பலைத் தட்டிவிட்டுக் கத்தியால் கீறிச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கும், ரத்தம் ஊறும் என்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பார்கள். தட்டு கிடையாது, இலை கிடையாது. ஊதி ஊதித் தின்ன வேண்டியதுதான். மண்ணீரலுக்கு இதைவிட நல்ல முடிவை எந்த ஓட்டலும் கண்டுபிடித்ததில்லை.

அடுத்த வேலை தலையும் காலும். உரிக்காமல் வைக்கோலிலோ காய்ந்த பனையோலையிலோ தீ மூட்டி, திருப்பித் திருப்பி வாட்டி, முடி பொசுங்கியதும் கத்தியால் சுரண்டி, மறுபடியும் வாட்டுவார்கள். நாட்டுக்கோழிக்கும் அதே மரியாதை. இறகு பறித்து, மஞ்சள் தடவி, கொழுந்தில் ஒரு சுற்று. ஊர்ச் சமையலில் இருக்கும் புகைவாசம் இந்த இடத்தில்தான் ஏறுகிறது. தோல் உரித்த பிராய்லர் கோழியில் எத்தனை மசாலா போட்டாலும் அது வராது. காஸ் அடுப்பில் வாட்டினாலும் வராது.

ஆடும் முக்கியம். இந்த மாவட்டத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் மேயும் கன்னி ஆடு கறுப்பு உடம்பும் முகத்தின் இரு பக்கமும் கோடுமாக நிற்கும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. கரிசல் வெயிலில் நாளெல்லாம் நடந்து முள்ளையும் காய்ந்த புல்லையும் மேய்ந்த ஆட்டுக்கறி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், வேக நேரம் கேட்கும். அதனால்தான் அண்டாவுக்கு அடியில் கடைசிக் கட்டத்தில் விறகை இழுத்துவிட்டுக் கங்கை மட்டும் விட்டுவைப்பார்கள். மூடி மேலும் கொஞ்சம் கங்கை அள்ளிப் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சம்பா வத்தல், நல்லெண்ணெய், அரைத்த தேங்காய். இதற்குமேல் சேர்ப்பதெல்லாம் சமையல்காரருக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்றே கொள்ளலாம்.

கோடையின் இன்னொரு கைவேலை உப்புக்கண்டம். குளிர்பெட்டி வராத காலத்தில் மிஞ்சிய கறியைக் காப்பாற்ற வந்த வழி இது. கறியை நீளமாகக் கீறி, உப்பு, மஞ்சள், வத்தல்பொடி பிசறி, கயிற்றில் கோத்து, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். காக்காய்க்குப் பயந்து ஒருவர் கம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த துண்டைத் தட்டினால் குச்சி மாதிரி சத்தம் வரும். எண்ணெயில் பொரிப்பது சுலபம். ரசிகர்கள் கங்கில்தான் சுடுவார்கள். சுட்டதை அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டி, நார் நாராகப் பிரித்துக் கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொண்டால் வெயில்கால மதியத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

மீனுக்கும் இதுவே காலம். தண்ணீர் வற்றும் மாதங்களில் கண்மாயை அழிக்கும் நாளில் ஊரே கச்சாவும் வலையுமாக இறங்கும். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். மீன் பிடிபடும் நேரத்தில் ராஜபாளையம் தோப்புகளில் மாங்காயும் தயார். பஞ்சவர்ணமும் சப்பட்டையும் பழுக்கத் தொடங்கினால் மார்க்கெட்டில் விலை கேட்க ஆள் வரும். பழுக்காத காயோ கண்மாய் மீன் குழம்புக்குள் போகும். கரையோரத்தில் மூன்று கல் கூட்டி மண்சட்டி ஏற்றினால் சேற்று வாசம் உள்ள மீனும் அந்தப் புளிப்பில் அடங்கிவிடும். சின்ன மீனைக் குச்சியில் குத்திச் சுடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கைக்கு எட்டுகிறதே என்று அரளிக் குச்சியை ஒடிக்கக் கூடாது. அது விஷம்.

கறி சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கங்கில் இடம் இல்லையா? தாராளமாக உண்டு. கத்தரிக்காயில் எண்ணெய் தடவிக் கங்கில் புரட்டி, தோல் உரித்துப் பிசைந்து, பச்சைமிளகாயும் வெங்காயமும் நல்லெண்ணெயும் சேர்த்தால் சோற்றுக்கு அது போதும். மக்காச்சோளக் கதிரும் சீனிக்கிழங்கும் சாம்பலுக்குள் புதைந்து தாமாக வெந்துகொண்டிருக்கும்.

ராஜபாளையத்துக்கு அடுத்து இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நெருப்பில் வேறு கணக்கு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா விறகடுப்பில் வளர்ந்த பண்டம். அகன்ற சட்டியில் பசும்பாலை ஊற்றி, கொழுந்து சீராக நக்கும்படி விறகைத் தள்ளிக்கொண்டே, அடி பிடிக்காமல் ஓயாமல் கிண்ட வேண்டும். தீ தணிந்தால் பால் வற்றத் தாமதமாகி நிறம் மாறும், மிஞ்சினால் அடிப்பிடித்த வாசம் ஏறும். கறிக்குக் கங்கு, பாலுக்குக் கொழுந்து. கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் பால்கோவா பொட்டலம் வாங்காமல் வருவதில்லை. காரத்துக்குப் பின் அந்த இனிப்பு கட்டாயம்.

எங்கே அடுப்பு மூட்டுவது என்பதில் மட்டும் பழைய பழக்கத்தை விட்டாக வேண்டும். ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயில் என்று மனம் போகும் இடமெல்லாம் மலையை ஒட்டியவை. சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. கோடையில் அந்தச் சரிவுகளில் புல் வைக்கோலாகக் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரணாலயத்துக்குள் தீ வைப்பதை வன உயிரினச் சட்டமும் தடை செய்கிறது.

ஆகவே அடுப்பு தோப்பிலேயே இருக்கட்டும். மலையடிவாரத்துத் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் நிழலும் கிணறும் இருக்கின்றன. விழுந்த சருகைச் சுற்றிலும் கூட்டித் தள்ளிவிட்டுக் குழி வெட்டுங்கள். கிளம்பும்போது இரண்டு குடம் தண்ணீரைக் கங்கின் மேல் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். சாம்பலுக்கு மேல் கை காட்டிச் சூடு தட்டுப்படவில்லை என்று தெரிந்த பிறகு அண்டாவை வேனில் ஏற்றினால் போதும்.