அச்சும் பீலியும்

திருக்குறளில் கடனுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. வரவுக்குள் வாழும் நெறியை வள்ளுவர் வேந்தனுக்குரிய வலியறிதலில் (48) விரித்துரைத்தார்.

மயிற்பீலியேயாயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது 475ஆம் குறள். பரிமேலழகர் அதனை, ஒன்றாய்த் திரண்ட எளிய பகைவர்மேல் வைத்து உரைத்தார். உரை பொருந்துவதே. எனினும், ஈகையும் வரவும் செலவும் அவ்வதிகாரத்திலேயே தொடர்ந்து பேசப்படுதலை நோக்க, அப்பீலி தவணைக் கடனுக்கும் பொருந்தக் காண்கிறோம். ஒவ்வொரு தவணையும் இலேசானதே. விற்பவரும் அவ்வாறே சொல்கிறார். அச்சோ மொத்தச் சுமையையே அறியும்.

479 காட்டும் வாழ்க்கை, உள்ளதுபோலத் தோன்றி இல்லாது கெடுவது. கடன்வாங்கி நடத்தும் ஆடம்பர மணவிழாவுக்கு இதனினும் நேரான சொல்லோவியம் யாம் கண்டிலோம்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒப்புரவால் கேடு வருமாயின், தன்னை விற்றேனும் அதனைக் கொள்ளலாம் என்கிறது 220ஆம் குறள். அளவு நோக்காத ஒப்புரவு செல்வத்தை விரைந்து கெடுக்கும் என்கிறது 480. முரணோ? அன்று என்பது எம் துணிபு. முன்னது தன்னை மட்டும் இழப்பவனுக்குச் சொன்னது. பின்னது பிறர் வாழ்வையும் தன் பொருளால் தாங்குபவனுக்கு. மக்களும் முதியோரும் நம்பியிருக்கும் இல்லறத்தானும் அவ்வகையில் ஒரு சிற்றரசனே. இப்பொருள் அரசியலுள் விரிந்து நின்றது அதனாற்றான் போலும்.