கணக்கால் வரைகிற இருவர்

ஷேடர் ஷோடவுன் என்ற நிரல் போட்டியைப் பார்க்க என்னோடு உட்காரும் நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: படத்தை அப்புறம் பாருங்கள், எழுத்தைப் பாருங்கள். புதிதாகப் பார்க்கிறவரின் கண் வண்ணத்தின் பக்கம்தான் ஓடும். திரை முழுக்க ஒளிக் குழாய்கள் சுழன்றுகொண்டிருக்கும்போது அவற்றின்மேல் மிதக்கும் சில பத்து வரி நிரலை யார் படிப்பார்கள்? ஆனால் இந்தக் கலையின் ருசி அந்த வரிகளில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு வரியை எழுதி முடிப்பதற்கும், அது படமாகத் தெரிவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதில் ‘இப்போது என்ன ஆகும்’ என்று நாமும் மனத்துக்குள் கணக்குப் போடப் பழகிவிட்டால், பிறகு இந்தப் போட்டியை விட முடியாது.

ஜெர்மனியின் ஸார்ப்ரூக்கன் நகரில் ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் ரிவிஷன் என்ற விழா நடக்கிறது. கணினிக்குள்ளேயே நேரடியாகக் கணக்கிட்டு உருவாக்கப்படும் ஓடும் படங்களுக்கு ‘டெமோ’ என்று பெயர்; அவற்றைச் செய்கிறவர்கள் கூடும் பெரிய விழாக்களில் இது ஒன்று. அங்கே மேடையில் இருவர் மோதுவதுதான் ஷேடர் ஷோடவுன். ஆளுக்கு ஒரு கணினி, பக்கத்தில் ஒரு டிஜே, 25 நிமிடம் ஓடும் கடிகாரம். பான்சோமேட்டிக் என்ற சின்ன மென்பொருளில் இருவரும் எழுதுவார்கள். எழுதுவது அத்தனையும் அரங்கத் திரையில் தெரியும். எழுத்துக்குப் பின்னாலேயே அதன் படமும் ஓடும். அடிப்பது, அழிப்பது, அடைப்புக்குறியைத் தேடித் தவிப்பது எல்லாமே வெளிச்சத்தில் நடக்கும். கடைசியில் யாருடைய படம் கூட்டத்தைக் கவர்கிறதோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டில் ஓடும் நிரல். இங்கே பயன்படும் வகை, திரையின் ஒரே ஒரு புள்ளிக்கு என்ன நிறம் என்று சொல்லும், அவ்வளவுதான். ‘இங்கே ஒரு வட்டம் போடு’ என்று கட்டளையிட அதில் வழியில்லை. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 முறை படம் மாறினால், அந்த நிரல் வினாடிக்கு 12,44,16,000 முறை ஓட வேண்டும். ஒரு புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி என்ன நிறம் எடுத்தது என்று தெரியாது. தான் நிற்கும் இடம், நேரம், ஒலிக்கும் இசையின் அளவுகள், இன்னும் சில எண்கள், இவை மட்டுமே அதன் கையில். இத்தனை தனிமையில் போடப்படும் கணக்குகள் சேர்ந்து ஒரே உலகமாக நிற்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அந்த உலகத்தைக் கட்டும் வழியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் ஆட்டம் புரியும். கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறோம். அது எங்கே போய் முட்டும்? நேராகச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்குப் பதிலாக, வெளியில் எந்த இடத்தைக் கொடுத்தாலும் ‘இங்கிருந்து மிக அருகில் உள்ள பொருள் எத்தனை தூரம்’ என்று சொல்லும் ஒரு சார்பை எழுதுகிறார்கள். கோளத்துக்கு அது ஒரே வரி: மையத்திலிருந்து உள்ள தூரம், கழித்தல் ஆரம். பதில் 3 என்று வந்தால், எந்தத் திசையில் போனாலும் 3 அலகுக்குள் எதுவும் கிடையாது என்று பொருள். அப்படியானால் பயமில்லாமல் 3 அலகு முன்னே போகலாம். போய் மறுபடி கேட்கலாம். தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆனால் பொருளைத் தொட்டாயிற்று. ஜான் ஹார்ட் 1996-இல் எழுதிய கட்டுரை இந்த முறையைத் தெளிவாக வகுத்துத் தந்தது. அன்று இதை உடனுக்குடன் ஓட்டும் வேகம் சாதாரணக் கணினிக்கு இல்லை. இப்போது புள்ளிக்கு நூறு அடி வைத்தாலும் நடக்கிறது: வினாடிக்கு ஏறக்குறைய 1,244 கோடி அடிகள்.

ஆட்டத்தின் முதல் சில நிமிடங்கள் வெளியிலிருந்து பார்க்க மந்தமாக இருக்கும். இருவரும் மனப்பாடமாக எலும்புக்கூட்டை அடிப்பார்கள்: திரையின் இட எண்களை நடுவுக்குக் கொண்டுவருவது, கதிரின் திசை, அடி வைக்கும் சுற்று, சுழற்றும் அணி. திரையில் கறுப்பு, இல்லையென்றால் ஒரு தட்டையான சாம்பல். ஆனால் பழகிய கண்ணுக்கு ஆளின் குணம் இங்கேயே தெரிந்துவிடும். சிலர் எல்லாவற்றையும் ஓரெழுத்துப் பெயர்களில் சுருக்கி அடித்துக்கொண்டே போவார்கள். சிலர் பத்து வரிக்குள் ஒரு கோளத்தை நிறுத்தி, அது தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மேலே கைவைப்பார்கள். இரண்டாவது வகையினர்மேல் எனக்குத் தனிப் பிரியம். 25 நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்ப்பதற்குக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

பிறகு ஒரு கணத்தில் வெளி பெருகும். வகுத்து மீதியை மட்டும் எடுக்கும் ‘மோட்’ என்ற சின்னச் செயலை இடத்தின் எண்மேல் போடுகிறார்கள். 4-ஆல் வகுத்தால் 5, 9, 13 எல்லாவற்றுக்கும் மீதி 1. பதின்மூன்றாம் இடத்தில் நிற்கும் கதிர், தான் ஒன்றாம் இடத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொள்கிறது. அங்கே அதே கோளத்தைக் காண்கிறது. முடிதிருத்தும் கடையில் எதிரெதிர்ச் சுவரில் மாட்டிய கண்ணாடிகளுக்குள் நாற்காலி வரிசை முடிவில்லாமல் நீளுமே, அதுபோல ஒரே கோளம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசைகட்டி நிற்கும். ஆயிரமாயிரம் கோளம் தெரிந்தாலும் கணக்கு ஒரு கோளத்துக்கு மட்டும்தான். ‘ஆப்ஸ்’ இன்னொன்று: எதிர்மறை எண்ணை நேராக்கும் எளிய செயல். அதை இடத்தின்மேல் போட்டால் உலகம் நடுவில் மடிகிறது. வலப்பாதியில் செய்தது இடப்பாதியிலும் முளைக்கிறது. மடித்து, கொஞ்சம் சுழற்றி, மறுபடி மடித்து, மறுபடி சுழற்றினால், நாலைந்து சுற்றுக்குள் எந்தச் சிற்பியும் முன்கூட்டி நினைத்திருக்க முடியாத கோபுரங்கள் எழும். எழுதியவரே ஒரு நொடி நின்று பார்ப்பார். அந்த நொடியைத் தவறவிடக் கூடாது. அடுத்து அவர் மாற்றப்போகும் எண் எது என்பதில்தான் அவருடைய ரசனை இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த உத்தி ஒளிர்வு. கதிர் அடிமேல் அடி வைத்துப் போகும்போது, ஒவ்வொரு அடியிலும் ‘எவ்வளவு அருகில் வந்தோம்’ என்ற எண் எப்படியும் கையில் கிடைக்கிறது. அந்தத் தூரத்தின் தலைகீழை ஒரு மாறிலியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். பொருளைத் தொடாமல் உரசிப்போன கதிர்களும் வெளிச்சம் சேர்த்துக்கொள்கின்றன. பொருளைச் சுற்றி நியான் போல ஒரு மினுமினுப்பு பரவுகிறது. இதற்கென்று புதிதாக ஒரு விளக்கு வைக்கவில்லை. ஏற்கெனவே போட்ட கணக்கில் மிஞ்சியதை எடுத்துப் பூசியிருக்கிறார்கள். மூடுபனியும் அப்படித்தான். தூரம் கூடக் கூட நிறத்தைப் பின்னணியோடு கலக்கும் ஒரே வரி. கதிர் அதற்குமேல் அடி வைக்க முடியாமல் நிற்கும் கரடுமுரடான எல்லை அந்தப் பனிக்குள் மறைந்துவிடும், ஆழமும் வந்துவிடும். குறையை மறைப்பதும் அழகு சேர்ப்பதும் ஒரே வரியில் முடிவது இந்தக் கைத்தொழிலின் உயர்ந்த இடம் என்று நினைக்கிறேன்.

இசையைக் கையாள்வதில்தான் தேர்ச்சி மிகத் துல்லியமாகப் புலப்படும். ஒலியில் எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்பதை பான்சோமேட்டிக் எண்களாகத் தந்துவிடுகிறது. அதை எடுத்துக் கோளத்தின் ஆரத்தோடு கூட்டினால், பாஸ் அடிக்கும்போதெல்லாம் கோளம் விம்மும். கூட்டம் கைதட்டும். எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும். அதே மென்பொருள் அந்தப் பலத்தைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்த தொகையையும் தருகிறது. அந்தத் தொகையைக் கேமரா போகும் பாதையில் வைப்பவர் நுட்பமானவர். சத்தம் ஓங்கும்போது கேமரா பாய்கிறது, அடங்கும்போது மிதக்கிறது, ஒருபோதும் பின்னால் இழுபடுவதில்லை. தாளம் படத்தைக் குலுக்காமல் அதற்குள் இறங்கி நடத்திச் செல்கிறது.

ரசனை என்று வந்தபிறகு ஒளித்துப் பேச வேண்டாம். சுரங்கப்பாதைக்குள் பறப்பது, நிறம் வெட்டி வெட்டி மின்னுவது, கடைசி இரண்டு நிமிடத்தில் கையில் கிடைத்த எல்லா விளைவையும் அள்ளிக் கொட்டுவது, இவை அரங்கில் ஆரவாரம் வாங்கித் தரும். மறுநாள் நினைவில் நிற்காது. என் மனத்தில் தங்கியவை அநேகமாக அடக்கமானவை: ஒரே ஒரு வடிவம், பக்கவாட்டிலிருந்து ஒரு வெளிச்சம், இரண்டு நிறம். அப்படிச் செய்தவர்கள் தோற்றும் போயிருக்கிறார்கள். கூட்டத்தின் தீர்ப்பை நான் மதிக்கிறேன், ஆனால் அதோடு எப்போதும் உடன்படுவதில்லை.

பதற்றம் கூடும் தருணம் எஃப்5 பொத்தானை அழுத்தும்போது வருகிறது. அதுதான் எழுதியதைக் கம்பைல் செய்து ஓட்டும் விசை. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கீழே பிழைச் செய்தி வரும். முந்தைய படமோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாடு மிகுந்த கருணையுள்ளது என்பேன். இருண்ட திரைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி வைப்பதில்லை. பிழையைக் கூட்டம் முதலில் கண்டுபிடித்துவிடும். கீழேயிருந்து வரி எண்ணைச் சொல்லிக் கத்துவார்கள். சரியான வரி திருத்தப்பட்டு படம் புதுசாக வெடிக்கும்போது எழும் ஆரவாரத்தில் எதிராளியை ஆதரிப்பவர்களின் குரலும் சேர்ந்திருக்கும்.

இந்த நட்பு தற்செயலாக வந்ததில்லை. 1980-களில், கமடோர் 64, அமிகா போன்ற வீட்டுக் கணினிகளில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்தவர்கள் தங்கள் பெயரைக் காட்ட முகப்பில் சேர்த்த சின்னச் சின்னப் படங்களிலிருந்து வளர்ந்தது டெமோ உலகம். பூட்டை உடைக்கும் வேலை உதிர்ந்துபோய், படம் மட்டும் கலையாக நின்றது. அதன் மோகம் அளவைச் சுருக்குவது. 2009-இல் பிங்கன் நகரில் நடந்த பிரேக்பாயிண்ட் விழாவில் 4 கிலோபைட் பிரிவை வென்ற ‘எலிவேட்டட்’ பனிமலைகளின்மேல் இசையோடு பறந்து செல்லும் படம். மலை, வானம், வெளிச்சம், இசை எல்லாம் 4,096 பைட்டுக்குள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். ‘கை’ என்று எழுதவே 6 பைட். இந்தக் கட்டுரையின் முதல் மூன்று பத்தியே அந்த மலைத்தொடரைவிட அதிக இடம் பிடித்துவிட்டது.

அந்தப் படைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் இனிகோ கீலெஸ். தூரச் சார்புகள், இரண்டு வடிவங்களை உருகிச் சேர்ப்பது போல இணைக்கும் முறை, கொசைன் அலையால் வண்ண வரிசை அமைக்கும் ஒரு வரிச் சூத்திரம் என்று பலவற்றைத் தன் கட்டுரைகளில் எல்லோருக்குமாக எழுதி வைத்தார். 2013-இல் போல் ஜெரமையாஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஷேடர்டாய் இணையதளத்தில் யாருடைய நிரலையும் திறந்து படிக்கலாம், மாற்றி ஓட்டலாம். மேடையில் இருவர் மனப்பாடமாக அடிக்கும் வரிகளில் பல இப்படிக் கைமாறி வந்தவை. ஒளித்து வைக்க அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. ஒருவர் பயன்படுத்தும் உத்தியை நான்கு ஆண்டுக்கு முன் அவருடைய எதிராளியே கற்றுக்கொடுத்திருக்கவும் கூடும். டெமோ கலையைப் பின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் தங்கள் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தன. கைமாற்றித் தருவதைத்தானே மரபு என்கிறோம்; சேர்த்தது மிகச் சரி.

போட்டி முடிந்த பிறகு எழுதப்பட்ட நிரல்களும் கிடைக்கும். அவற்றை நிதானமாகப் படிப்பது தனிச் சுகம். மேடையில் மின்னல் வேகத்தில் போனதெல்லாம் இப்போது நின்று நிதானமாகத் தெரியும்: அவசரத்தில் இரண்டு முறை எழுதப்பட்ட அதே சுழற்சி, 0.5 என்று தொடங்கி 0.47 ஆக்கப்பட்ட ஓர் எண். நான் முதலில் தேடுவது இரண்டு சாய்கோடு போட்டு ஒதுக்கப்பட்ட வரிகளையும், எழுதிவிட்டுக் கடைசிவரை அழைக்கப்படாத சார்புகளையும்தான். சாய்கோட்டை நீக்கி எஃப்5 அழுத்திப் பார்ப்பேன். பெரும்பாலும் படம் குழம்பிப்போகும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் எடுத்த முடிவு சரி என்று தெரியும். சில சமயம் முழுதாக ஒரு சுழலும் வளையம், எங்கே வைப்பது என்று முடிவெடுக்க நேரமில்லாமல் விட்டது, அங்கே தயாராக இருக்கும். அதை எங்கே வைத்திருப்பார் என்று நான் நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன்.