கையெழுத்துத் தெரியாதவர் வைத்த பெயர்

போன டிசம்பரில் பாரிஸிலிருந்து வந்த சித்தி மகன், சாப்பிட்ட கை காயுமுன் மடிக்கணினியைத் திறந்து, “அக்கா, எனக்கு ஏழு தலைமுறை வேணும்” என்றான். அவன் மனைவி கியூபெக்காரி. அவள் குடும்ப மரம் திரையை நிறைத்துக்கொண்டு 1660கள் வரை இறங்குகிறது. அங்கே கத்தோலிக்கப் பங்குச் சாமியார்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். பெண்களைக்கூடப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழகம் அந்த ஏடுகளைத் தரவுத்தளமாகவே தொகுத்துவிட்டது. இவன் மரமோ 1880களில் ஒரு தாளோடு நின்றுவிடுகிறது. “நீதான் பாண்டி நாவலெல்லாம் படிக்கிறியே, கண்டுபிடிச்சுக் குடு.”

நாவல் படிப்பவளிடம் வம்சம் கேட்கலாமா என்று சிரித்தேன். பிறகு யோசித்தால், கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறான்.

அந்தத் தாள் எங்கள் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். அதைத் தேடி எடுப்பவர்களும் பெரும்பாலும் வம்சத்துக்காக எடுப்பதில்லை, நாட்டுரிமைக்காகத்தான் எடுப்பார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அன்றைக்கு எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் பெட்டியைக் கிளறுகிறார்கள்.

தாளின் கதை 1881 செப்டம்பர் 21 ஆணையில் தொடங்குகிறது. அதுவரை இந்தியர்களுக்கு அவரவர் சாதி, மத வழக்கமே சட்டம். அதைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் கூடவே வருவார்கள். திரும்பிப் போக முடியாது. துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். இலக்கிய வாசகர் கவனிக்க வேண்டியது அடுத்த நிபந்தனையை: துறக்கிறவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அப்பா பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டே பழகிய மனிதர்கள் எழுத்தர் முன்னால் நின்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். 1873இல் பூட்ஸ் போட்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காக வழக்கைச் சந்தித்து, பாரிஸ் வரை போய் வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். ஒரு கவிஞன்கூட இவ்வளவு துணிந்து புனைபெயர் வைத்துக்கொள்வானா தெரியவில்லை.

எங்கள் தாளில் அப்படி அழகான பெயர் இல்லை, ஒரு புனிதரின் பெயர். கீழே எழுத்தர் கையில் ஒரு வரி: கையெழுத்திடத் தெரியாது என்று தெரிவித்தார். தன் பெயரை எழுதத் தெரியாதவர் நூற்றுச் சொச்சம் பேருக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்கு மேலே போக வேண்டுமானால் நமக்கு இருக்கும் பெரிய பிரதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1736 முதல் 1761 வரை. ரங்கருக்கு வம்சம் உண்டு. பெரம்பூரிலிருந்து வந்த தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை, சிறையில் செத்த மாமன் நைனியப் பிள்ளை, பாரிஸ் போய் ஞானஸ்நானம் பெற்று செவாலியே பட்டத்தோடு திரும்பிய குருவப் பிள்ளை என்று எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. 1745இல் சம்பா கோயிலுக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் பிரித்த சுவர் இடிக்கப்பட்டதையும் அவர்தான் எழுதிவைத்தார். அந்தப் பகுதியை நான் மூன்று தடவை படித்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் நின்று முறையிட்டவர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கியூபெக் மரத்துக்கும் எங்கள் தாளுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை வருஷக் கணக்கில் அளக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் எடுத்தார். துபாஷி கண்ணில் பட்டும் படாமலும் நகர்ந்தவர்களுக்குச் சதையும் பேச்சும் கொடுத்தவர் அவர். அந்தக் கடன் எனக்கு உண்டு. ஆனால் நாம் வாசகர்கள் துய்ப்ளேக்ஸ் காலத்தோடு நிறுத்திக்கொண்டோம். அதற்குப் பிறகு நம் கதைகளில் வருகிறவர் ‘சொல்தா’: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், மாசம் பிறந்தால் ஒயின், வீட்டு வாசலில் வாய்ச்சவடால். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்கும்போது, துறந்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பதும், அவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் மோகமல்ல, வெளியேறும் வழி என்பதும் நினைவுக்கு வரவில்லை. நாவலாசிரியர்களும் நினைவூட்டவில்லை. பிரெஞ்சில் எழுதும் ஆரி கோத்தியே, குருசுக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து ‘லெ திண்ணை’யில் சாதியையும் கிரியோல் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். அந்த அளவுக்குத் தமிழில் நான் படித்ததில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. “அப்போ நாம என்ன ஜாதி?”

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாச்சிக்குக் காது கூர்மை. “அத எழுதக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் பேர மாத்துனாரு. நீ ஏரோப்ளேன்ல வந்து கேக்குறியா?” என்றார். பிறகு அவரே, கல்யாணம் பேசும்போது மட்டும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று முணுமுணுத்தார். இரண்டும் உண்மை. துறந்த தாள் சாதியை மறைத்தது, தெரு மறக்கவில்லை. வேர் தேடுவது என்பது எங்கள் வீட்டில், முன்னோர் தாண்டி வந்த சுவரின் அடிக்கல்லைத் தோண்டுவது. தோண்டக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தோண்டுகிறவருக்குத் தான் தோண்டுவது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

தாளில் தகப்பனார் பெயர் மட்டும் உண்டு: முத்தன். ஒரே சொல். தம்பி அதைத் தட்டெழுதினான். மென்பொருள் குடும்பப் பெயர் இல்லாமல் பெட்டியை மூட மறுத்து, சிவப்புக் கோடு போட்டது. புனிதரின் பெயரைப் போடலாமா என்று கேட்டான். அது மகன் வைத்தது, அப்பனுக்குப் பொருந்தாது என்றேன். கோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அம்மாச்சிக்குக் கீரை ஆயப் போனான்.