கங்காணி என்னும் இடம்: தொண்டமானின் வாழ்க்கையை முன்வைத்து

தோணிரேவுக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில்தான் டச்சுக்காரன் கோட்டை கட்டினான். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் விலங்கின் இடத்தில் கடன் வந்தது. ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, ஆள்கட்டி இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனவன் கங்காணி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு. கூலிக்கு மிஞ்சியது அவன் கடனைச் சுமந்த ‘துண்டு’ச் சீட்டு. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

சௌமியமூர்த்தி தொண்டமானின் (1913–1999) வாழ்க்கையை இங்கிருந்து வாசிக்க வேண்டும். தந்தை கருப்பையா சிவகங்கைச் சீமையிலிருந்து கூலியாகப் போய், கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். மகன் தோட்ட முதலாளியாக இருந்துகொண்டே இலங்கை இந்தியன் காங்கிரசுக்குள் வந்தார், 1947இல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார், தொழிற்சங்கத் தலைவருமானார். கூலி கொடுப்பவரும் கூலி கேட்பவரும் ஒரே ஆள்! இதை ஒரு சாரார் தியாகம் என்கிறார்கள், இன்னொரு சாரார் துரோகம் என்கிறார்கள். ரெண்டு பேரும் செய்வது ஒரே தப்புதான்: தனிமனிதன் மனசுக்குள்ள விடை தேடுறாங்க. அந்த மனிதன் நின்ற இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தன்வரலாற்றுக்கு அவர் வைத்த ஆங்கிலத் தலைப்பு ‘டீ அண்ட் பாலிடிக்ஸ்’. தேயிலை, அரசியல். சரி, கொழுந்து கிள்ளிய கை எங்கே? அந்த ‘அண்ட்’ மறைத்துக்கொண்டது அதைத்தான்.

ஆனாலும் இந்தக் கட்டுடைப்போடு கைகழுவிவிட முடியாது. 1948இல் குடியுரிமை போச்சு, 1949இல் ஓட்டும் போச்சு. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் தலைகளைப் பங்கு போட்டுக்கொண்டன. ஓட்டில்லாத சனத்துக்குத் துரைமாரோடும் மந்திரிமாரோடும் சமமாக உட்கார்ந்து பேச ஒரு ஆள் தேவைப்பட்டார். 1978இல் அவரே மந்திரியானார். 1983 வன்முறையில் தோட்டத் தமிழர்களும் தாக்கப்பட்டபோது அந்த அமைச்சரவையில்தான் இருந்தார். 1984 வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலியை வாங்கித் தந்தது. 1988இல் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இவற்றைச் சின்ன விஷயம் என்று சொல்ல லயத்தில் வாழாத நமக்கு யோக்கியதை கிடையாது.

கிடைத்தது எந்த வடிவத்தில் கிடைத்தது என்பதுதான் பிரச்சினை. தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் சங்கச் சந்தா, தலையெண்ணிக்கையை வைத்து மேலே நடக்கும் பேரம்: கங்காணி ஒழிந்தான், கங்காணி நின்ற இடம் ஒழியவில்லை. கீழே இருப்பவன் சார்பாக மேலே பேசுகிறவன், மேலே இருப்பவன் சார்பாகக் கீழே ஆளை நிறுத்துகிறவன். தொண்டமான் அந்த இடத்தை மற்றெவரையும்விடத் திறமையாக நிரப்பினார். அவருடைய பலமும் எல்லையும் அதுவே.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது போலீஸ் சுட்டுச் செத்தவர் கோவிந்தன். அவருக்கு வாய்த்தது ஒரு நினைவுநாள் மட்டும், தன்வரலாறு கிடையாது. தொண்டமான் கதையை அவர் பக்கத்திலிருந்து எழுதினால் அது எங்கே தொடங்கும்? நிச்சயமாக வேவண்டன் பங்களாவில் இல்லை.